என்ன புதர்?

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய கதை ஒன்றில், ஆட்டைத் தேடிப் போகும் கிழவர் ஒருவர் களைத்துப்போய் 'ஒரு புதரருகே' உட்கார்ந்துவிடுகிறார். கரிசல் காட்டுக்காரரான நண்பர் படித்துவிட்டு, "என்ன புதர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "உமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆடு மேய்க்கிற கிழவருக்குமா தெரியாது?" என்றார். கதையில் வேறு குறைகளும் உண்டு; இந்த ஒன்றுதான் எனக்கு உறைத்தது.

செடி, புதர், தூறு என்பவை பார்க்கிறவன் வகுத்துக்கொண்ட பெயர்கள். தனியே நின்றால் ஆவாரஞ்செடி. காரையும் சூரையும் பின்னிக்கொண்டு வழியை மறித்தால் புதர். தொல்காப்பியரும் உயரத்தைப் பார்த்துப் பிரிக்கவில்லை. வயிரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். அந்தக் கணக்கில் நெடிய பனையும் புல்தான்!

தனிப் பெயர் வாழ்க்கையிலிருந்து வருகிறது. ஆவாரை என்றால் தோல் பதனிடுகிறவருக்கு அதன் பட்டை நினைவு வரும். எருக்கு என்றால் பிள்ளையார் சதுர்த்தி மாலை. நொச்சி என்றால் ஜலதோஷக்காரருக்கு ஆவி பிடிக்கும் இலை; பழைய புலவருக்கோ மதில் காக்கும் வீரன் சூடிய பூ. வெறுமனே 'செடி' என்று எழுதினால் இத்தனையும் உதிர்ந்துபோகின்றன.

அதற்காகப் பெயர்களை அடுக்கினால் போதுமா? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். அது வெறும் ஜாபிதா ஆகாததற்குக் காரணம், பறித்துக் குவிக்கும் பெண்கள் அந்த மலையிலேயே வளர்ந்தவர்கள். அகராதியைப் பார்த்து நாம் தூவும் பெயர்களில் மண் ஒட்டியிருப்பதில்லை. இருட்டில் பாம்புக்குப் பயந்து ஓடுகிறவனுக்கு அது புதர்தான். அங்கே காரை, சூரை என்று இனம் பிரித்தால் அவன் பயம் பொய்யாகிவிடும். கொல்லையில் நிற்பது பட்டணத்து மருமகளுக்கு ஏதோ ஒரு செடி, மாமியாருக்கு ஆடாதோடை. அந்த வித்தியாசத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ஆகவே, பார்ப்பது யாருடைய கண் என்பதை எழுதுகிறவன் முதலில் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும்.

என் கிழவரைத் திருப்பி எழுதினேன். நண்பருடன் ஒரு பகல் முழுதும் காட்டில் அலைந்த பிறகு, அவரைச் சங்கஞ்செடியருகே உட்காரவைத்தேன். கணுவுக்குக் கணு முள் உள்ள செடி அது. சாய முடியாது, தள்ளித்தான் உட்கார வேண்டும். கிழவரும் அப்படியே உட்கார்ந்தார். கதையில் அவர் எனக்குச் சொல்லாமல் செய்த முதல் காரியம் அதுதான்.