கருப்பொருளுக்குப் புள்ளி, உரிப்பொருளுக்கு?: காணொளி விளையாட்டு மாற்றமைப்பில் ஒளிப்படச் சிறுவிளையாட்டும் மயிலாப்பூர்க் களமும்

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டுகளுள் அமையும் ஒளிப்படச் சிறுவிளையாட்டு, ஆடுபவர் எடுத்த படத்திற்குப் புள்ளி வழங்குகிறது. எது நல்ல படம் என்னும் திறனாய்வு முடிபு அப்புள்ளிமுறைக்குள் மறைந்திருக்கிறது. அம்முடிபைத் தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பொருட்பாகுபாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவைக் களமாகக் கொண்டு ஒரு மாற்றமைப்பு செய்யப்படுமாயின் இன்றைய புள்ளிமுறை எங்கே தவறும் என்பதையும், இசைவு, மறுப்பு ஆகியவற்றை விளையாட்டின் விதிகளாக்க இயலும் என்பதையும் கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, மாற்றமைப்பு, ஒளிப்படம், திணைக் கோட்பாடு, உரிப்பொருள், மயிலாப்பூர்

முன்னுரை

வெளிவந்த ஒரு விளையாட்டின் நிரலையோ காட்சிகளையோ ஆடுவோரே மாற்றிப் புதியன சேர்ப்பது மாற்றமைப்பு எனப்படும். ஆடுவோர் வழக்கில் இது ‘மாட்’. அவ்வாறு சேர்க்கப்படும் சிறுவிளையாட்டுகளுள் ஒளிப்படம் எடுத்தலும் ஒன்று. போர் விளையாட்டிலும் பயண விளையாட்டிலும் ஆடுபவர் கையில் ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டால், அதுவரை கடந்து சென்ற இடத்தையே நின்று பார்க்கும் நிலை உண்டாகிறது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முடிவுசெய்பவர் ஆடுபவர் அல்லர், புள்ளிமுறையை எழுதியவரே. தமிழ் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ‘வெண்பா’ (2023) உலக அளவில் ஆடப்பட்டுவரும் இக்காலத்தில், தமிழ் நிலம் ஒன்றை ஒளிப்பட விளையாட்டாக்குவோர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

கணினி படத்தைப் பார்ப்பதில்லை

ஒளிப்படச் சிறுவிளையாட்டின் இயக்கம் எளியது. ஆடுபவர் பொத்தானை அழுத்தும் கணத்தில், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் கேமராவின் பார்வைக் கூம்புக்குள் இருக்கிறதா என்று நிரல் கணக்கிடுகிறது. பின்னர்க் கேமராவிலிருந்து அப்பொருளை நோக்கி ஒரு கற்பனைக் கோடு செலுத்தி, இடையில் சுவரோ தூணோ மறைக்கிறதா என்று அறிகிறது. அதன்பின் பொருள் திரையில் எவ்வளவு இடத்தை நிரப்புகிறது, நடுவிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது, எத்திசை நோக்கியுள்ளது என்பவற்றை எண்களாக்கிக் கூட்டுகிறது. திரையில் தோன்றும் படம் தனியே ஒரு கோப்பாகச் சேமிக்கப்படுகிறது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. புள்ளி பெறுவது படம் அன்று. பட்டியலோடு ஒத்துப்போன பொருள்களின் இருப்பே. மாற்றமைப்பாளர் பெயரிடாத எதுவும், அது படத்தின் நடுவிலேயே இருப்பினும், நிரலைப் பொறுத்தவரை இல்லாததே ஆகும். ஆகவே பட்டியல் எழுதுதல் தொழில்நுட்ப வேலை மட்டுமன்று. அது ஒரு திறனாய்வுச் செயல்.

மூன்று விளையாட்டுகள், மூன்று பார்வைகள்

தொல்காப்பிய அகத்திணையியல் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை முதலியன கருப்பொருள் என்றும், அந்நிலத்து மாந்தர்க்கு உரிய ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் வகுக்கிறது. பாடலுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்து நிற்கும் என்பது உரையாசிரியர் கொள்கை. இவ்வரிசையை அளவுகோலாகக் கொண்டு மூன்று விளையாட்டுகளை நோக்கலாம்.

நிண்டெண்டோ 64 கருவிக்கு 1999இல் வெளிவந்த ‘போக்கிமான் ஸ்னாப்’, தடத்தில் ஓடும் வண்டியில் ஆடுபவரை அமர்த்தி, ஒரு பயணத்திற்கு 60 படச்சுருள் இடங்களைத் தருகிறது. பேராசிரியர் ஓக் உயிரினத்தின் அளவு, நிலை, நடுவில் அமைந்துள்ளமை ஆகியவற்றைக் கணித்துப் புள்ளியிடுகிறார். நிலம் பின்னணியாகிவிட, கருப்பொருளே எல்லாமாகிறது.

‘பியாண்ட் குட் அண்ட் ஈவில்’ (2003) விளையாட்டின் நாயகி ஜேட் ஓர் ஒளிப்படச் செய்தியாளர். உயிரினங்களைப் படமெடுத்து அவர் பணம் ஈட்டுகிறார். அதே கேமராவால் ஆட்சியாளரின் வஞ்சகத்திற்குச் சான்றும் திரட்டுகிறார். படம் சான்றாகும்போது மனிதச் செயல் உள்ளே வருகிறது. எனினும் எந்தச் செயலைப் படமெடுக்க வேண்டும் என்பதைக் கதையே முன்கூட்டி வரையறுத்துவிடுகிறது.

மாவோரி மரபினரான நப்தாலி ஃபால்க்னர் உருவாக்கிய ‘உமுராங்கி ஜெனரேஷன்’ (2020) இன்னும் ஒரு படி செல்கிறது. ஆடுபவர்க்குத் தரப்படும் பட்டியல் சாதாரணப் பொருள்களாலானது. அவற்றைத் தேடி அலையும்போது, மதிலால் சூழப்பட்ட நகரும் படைவீரர்களும் வரவிருக்கும் அழிவும் படத்தின் ஓரங்களில் வந்து அமைகின்றன. பட்டியல் கேட்காததை ஆடுபவரின் கண் காண்கிறது. மேலும், ‘புளூபாட்டில்’ என்னும் கடற்சொறியைப் படமெடுத்தால் தண்டமும் உண்டு. எடுக்கக்கூடாத படம் ஒன்று உண்டு என்பதைப் புள்ளிமுறைக்குள்ளேயே அமைத்த முன்மாதிரி இது.

அறுபத்துமூவர் விழா என்னும் களம்

இப்புள்ளிமுறைகளை மயிலாப்பூரில் வைத்துப் பார்ப்போம். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் கபாலீசுவரர் மாடவீதிகளில் எழுந்தருள, நாயன்மார் அறுபத்துமூவரின் திருவுருவங்களும் உடன் வலம்வருகின்றன. கருப்பொருள் பட்டியல் எழுதுவதற்கு இதனினும் செழிப்பான களம் அரிது. தெய்வம் கபாலீசுவரர், மரம் தலமரமாகிய புன்னை, புள் கற்பகாம்பாள் உருக்கொண்டு வழிபட்ட மயில், உணவு பந்தல்களில் வழங்கும் நீர்மோர், இசை நாகசுரமும் தவிலும். ‘போக்கிமான் ஸ்னாப்’ முறையைக் கைக்கொண்டால், ஏறக்குறைய 120 அடி உயரக் கிழக்குக் கோபுரத்தை நடுவில் நிறுத்திய படமே மிகுதியான புள்ளி பெறும். அதாவது நாட்காட்டிப் படம் முதற்பரிசு பெறும்.

அப்படத்தில் விடுபடுவது யாது? நெரிசலில் முன்பின் அறியாதவர் கைக்கு மோர்க் குவளையை நீட்டும் கை. பல்லக்கைக் காணத் தந்தையின் தோள்மேல் ஏறிய குழந்தை. கூட்டத்தில் பிரிந்துவிட்டவரைத் தேடும் கண். விழாவின் உரிப்பொருள் இவற்றில்தான் உள்ளது. கோபுரம் ஆண்டு முழுவதும் அங்கேயே நிற்கிறது. கொடுத்தலும் கொள்ளுதலும் அன்றைய நாளுக்கு உரியவை.

மாந்தரை நீக்கிக் கோயிலைப் படமெடுக்கும் வழக்கம் இந்நாட்டில் ஒளிப்படக்கலை தோன்றிய காலத்திலேயே வேரூன்றியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய ஊர்களில் எடுத்த படங்களில் மண்டபங்கள் பெரும்பாலும் ஆளின்றிக் கிடக்கின்றன. ஒளிபடும் நேரம் நீண்டிருந்த அக்காலத்தில் நடமாடும் மனிதர் பதியாதது கருவியின் குறை. இன்றைய மாற்றமைப்பாளர்க்கு அக்குறை இல்லை. ஆயினும் கோபுரத்தின் முப்பரிமாண வடிவைச் செதுக்குவதில் செலுத்தும் உழைப்பில் சிறுபங்கும் வீதியில் நடப்போர்க்குச் செலவிடப்படாவிடின், டிரைப்பின் வெற்று மண்டபமே திரையில் மீண்டும் எழும்.

உரிப்பொருளை நிரலாக்குதல் இயலாத ஒன்றன்று. விளையாட்டு மாந்தர் ஒவ்வொருவரும் எக்கணத்தில் எச்செயலில் உள்ளனர் என்பதை நிரல் ஏற்கெனவே அறிந்திருக்கிறது. பொருளின் பெயருக்கு மாறாக, ‘கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே சட்டத்துள், குவளை கைமாறும் கணத்தில்’ என உறவுக்குப் பெயரிட்டால் போதும். ‘வெண்பா’வில் கிழிந்த சமையல் குறிப்பேட்டின் விடுபாடுகளை ஆடுபவர் தாமே நிரப்பிச் சமைக்கிறார், தாயின் கைமணத்தை நினைவுகூர்தல் என்னும் ஒழுக்கம் அங்கே விளையாட்டின் விதியாகிவிட்டது.

இசைவும் மறுப்பும்

இங்கு ஒரு தடை எழுப்பலாம். உறவுகளுக்குப் பெயரிட்டாலும் அதுவும் ஒரு பட்டியலே. மோர் கொடுக்கும் கையை ஆடுபவர் வேட்டைப்பொருளாகத் தேடி அலைவார். இத்தடை நியாயமானது. இதற்கு விடை பட்டியலை நீட்டுவதில் இல்லை; படமெடுக்கப்படுபவர்க்கும் உரிமை உண்டு என்பதை விதியாக்குவதில் உள்ளது.

வடக்கு மாடவீதியில் ஒருவர் கோலமிடுகிறார் எனக் கொள்வோம். ஆடுபவர் கேளாமல் எடுத்தால் படம் இயல்பாக அமையும்; ஆனால் அவர் முகம் திருப்பிக்கொள்வார், அவ்வீதியில் அடுத்தடுத்த கதவுகளும் சாத்தப்படும். கேட்டுவிட்டு எடுத்தால் இசைவார். ஆனால் முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து நிற்பார், கோலமிடும் கணம் போய்விடும். வீதியில் படமெடுக்கும் எவரும் அறிந்த இவ்விக்கட்டு இரு பக்கமும் இழப்புடையது. நல்ல விளையாட்டு விதிக்கு வேண்டுவதும் அதுவே.

கருவறை இதன் எல்லை. அங்கே படமெடுத்தல் விலக்கு. கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டது. மாற்றமைப்பாளர் அவ்விடத்தில் கேமராப் பொத்தானை முடக்கிவிடுவது எளிது. ஆனால் அது சுவரே அன்றி மறுப்பு ஆகாது. பொத்தான் இயங்க வேண்டும். அழுத்தாதிருத்தல் ஆடுபவரின் தெரிவாக இருக்க வேண்டும். கேமராவைத் தாழ்த்தியவர்க்கு மட்டும் தீபாராதனை முழுமையாகத் தெரியும்படி அமைத்தால், அவர் பெறுவது புள்ளி அன்று, காட்சி.

புள்ளியையே விலக்குதல் மற்றொரு வழி. ‘மைன்கிராஃப்ட்’டிற்கான ‘எக்ஸ்போஷர்’ என்னும் மாற்றமைப்பு படச்சுருளையும் படம் அச்சிடும் மேடையையும் தருகிறது, மதிப்பெண் இடுவதில்லை. படத்தைச் சுவரில் மாட்டலாம். அதன் தரத்தைக் காண்பவரே கூறுவர். இது விடுதலையே எனினும், எடுக்கப்பட்டவரின் குரல் இங்கும் இடம்பெறவில்லை.

முடிவுரை

ஒளிப்படச் சிறுவிளையாட்டின் புள்ளிமுறை பெரும்பாலும் கருப்பொருளில் நின்றுவிடுகிறது. உரிப்பொருளை உறவாகப் பெயரிட்டு உள்ளே கொணர்தல் முதற்படி. படமெடுக்கப்படுபவர் இசையவும் மறுக்கவும் கூடியவராக அமைத்தல் அடுத்த படி. முன்னது நிரலால் இன்றே இயல்வது. பின்னதற்கு, புள்ளியை இழந்தும் பெறத்தக்கது ஒன்று உண்டு என்று மாற்றமைப்பாளர் நம்ப வேண்டும். மயிலாப்பூரைத் திரையில் எழுப்ப முனைவோர் கோபுரத்தின் நிலைகளை எண்ணுமுன், மோர்ப் பந்தலில் நிற்பவர் ஆடுபவரை நோக்கி என்ன சொல்வார் என்பதை எழுதிவைத்தல் நலம்.