ஊசி தேடி வந்த காலமும் ஊசி தேடிப் போகும் காலமும்

என் அம்மாயியின் இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே, மூன்று வரிசைப் புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடாக ஓடி வளைந்து தான் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் சிறிய கோலம் ஒன்று இருந்தது. துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எட்டு வயதில், வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் குத்தியது அது. அடுத்த வருஷம் மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, ஹட்டனுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டத்துக்கு அவள் வந்து சேர்ந்த பிறகு, ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்கலச் சொம்பும் கண்டாங்கிச் சேலையும் காலப்போக்கில் கைமாறிப் போயின. கையில் இருந்த கோலம் மட்டும் அறுபது வருஷம் கொழுந்து பறித்த வெயிலிலும் மழையிலும் வெளுத்து, கறுப்பு பச்சையாகி, பச்சை நீலமாகி, அவளோடேயே போயிற்று. செத்தால் கூட வருவது இது ஒன்றுதான் என்று அவள் சொல்லுவாள்.

அந்தக் கோலத்தைக் குத்திய பெண் யாரென்று அம்மாயிக்குத் தெரியாது. குறத்தி வந்தாள், குத்தினாள், போனாள், அவ்வளவுதான். பச்சை குத்தும் வித்தையைப் பற்றி இன்று நாம் பேசத் தொடங்கும்போது முதலில் நினைக்க வேண்டியது இந்த வருகையைத்தான் என்பது என் அபிப்பிராயம். கைதேர்ந்த கலைஞரைத் தேடி வெகுதூரம் பிரயாணம் செய்து சரீரத்தில் சித்திரம் எழுதிக்கொண்டு திரும்புவது இக்காலத்து வழக்கம்; ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாகப் பிரயாணம் செய்தவர் குத்திக்கொள்பவர் அல்லர், குத்துபவரே.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய நூலில், குறவர் குலப் பெண்கள் பச்சை குத்தும் முறையைச் சிரத்தையோடு எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் தடித்த திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, அதன்மேல் புதுச் சட்டியைக் கவிழ்த்து, சட்டியின் உட்புறத்தில் படிந்த புகைக்கரியைச் சுரண்டி எடுத்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. சில ஊசிகளை முனைகள் ஒரே மட்டமாக நிற்கும்படி நூலால் கட்டினால் கருவி. குழந்தைக்கு இரண்டு ஊசி, பெரியவர்களுக்கு நான்கு. ஒரு புள்ளிக்குக் காலணா முதல் பெரிய சித்திரத்துக்குப் பன்னிரண்டணா வரையில் கூலி. பல ஊர்களில் காசுக்குப் பதில் அரிசியும் வெற்றிலை பாக்கும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மையில் தோய்த்த ஊசியை விட்டு விட்டுக் குத்திச் செல்லும்போது, வலி தெரியாதிருக்கக் குழந்தையைக் கொஞ்சும் பாட்டொன்றையும் அவள் பாடுவாள். இத்தனைக்கும் வேண்டிய சாமான்கள் எல்லாம் ஒரு கூடைக்குள் அடங்கிவிடும். கூடையில் அடங்கிய வித்தையாதலால்தான் அது நடந்து நடந்து நாடெங்கும் பரவ முடிந்தது.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதே கூடைதான். சிங்களர் அஹிகுண்டிகர் என்றும், கிழக்கு மாகாணத்துத் தமிழர் வனக்குறவர் என்றும் அழைக்கும் அம்மக்கள் தமக்குள் தெலுங்கு பேசுபவர்கள்; ஆண்கள் பாம்பும் குரங்கும் ஆட்ட, பெண்கள் கை பார்த்துக் குறி சொல்லியும் பச்சை குத்தியும், தலப்பத்து ஓலைக் கூடாரங்களைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று ஜீவனம் நடத்தியவர்கள். சிங்களத்தில் பச்சைக்குப் ‘பச்ச’ என்றே பெயர் என்பதைக் கவனித்தால் இந்த உறவு இன்னும் விளங்கும். தமிழில் நாம் ‘குத்துகிறோம்’. அவர்கள் ‘கொட்டனவா’ என்கிறார்கள், அதாவது கொத்துவது, இடிப்பது. பெயர்ச்சொல்லை நம்மோடு பகிர்ந்துகொண்டு வினைச்சொல்லைத் தமதாக வைத்துக்கொண்ட அந்த மொழியின் அழகு என்னை எப்போதும் வசீகரித்திருக்கிறது.

இந்த நடமாட்டம் நின்றுபோனதற்கு இரண்டு நாடுகளிலும் காரணங்கள் ஒன்றல்ல. இந்தியாவில் ஆங்கில அரசு, ஊசியையும் மையையும் முதலில் தண்டனைக் கருவியாக்கிற்று. வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் குற்றவாளிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் கொடுமை 1849 வரை நீடித்தது. பிறகு, பச்சை குத்தி வாழ்ந்த ஜனங்களையே குற்றப் பரம்பரையாக்கிற்று. 1911-ம் வருஷத்துச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட குறவர் குடும்பங்கள் காவல் நிலையத்தில் பெயர் கொடுக்காமல் ஊர்விட்டு ஊர் போக முடியாதென்று ஆயிற்று. நடந்தால்தான் பிழைப்பு என்றிருந்த பெண்ணுக்கு நடப்பதே குற்றமானால், அவள் கற்ற வித்தையை மகளுக்கு எதற்காகச் சொல்லிக் கொடுப்பாள்? அச்சட்டத்தின் கடைசிச் சுவடு 1952-ல் நீங்குவதற்குள் எத்தனையோ கைகள் அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டன. இந்த நஷ்டத்தை நம்மவர் இன்னும் கணக்கில் எழுதவில்லை. இலங்கையிலோ, அம்மக்கள் அனுராதபுர மாவட்டத்துத் தம்புத்தேகமவுக்கு அருகிலுள்ள குடாகம, அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பை போன்ற ஊர்களில் நிலையாகக் குடியேறிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பத் தொடங்கியபோது, கூடாரத்தோடு கூடையும் மூலைக்குப் போயிற்று. பிள்ளைகள் படிப்பது சந்தோஷமான காரியம். ஆனாலும் மூலையில் கிடக்கும் கூடையை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஊசி வருவது நின்றதும், ஊசியைத் தேடிப் போகும் காலம் பிறந்தது. இந்தியாவில் அப்படிப் போவதற்குப் பழமையான ஸ்தலங்கள் இன்னும் சில இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் டிண்டோரி மாவட்டத்துப் பைகா பெண்கள் நெற்றியில் தொடங்கிக் கை, கால், முதுகு என்று வயதுக்கு வயது பச்சை குத்திக்கொள்வதை வெர்ரியர் எல்வின் 1939-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். குத்துபவள் பைகா பெண் அல்லள், அதற்கென்றே பரம்பரையாக உள்ள வேறொரு குலத்துப் பெண். மழைக்காலத்தில் அவள் ஊசி எடுப்பதில்லை, புண் ஆறாதென்று. கோடு ஒவ்வொன்றும் எங்கே வரவேண்டும் என்பது அவள் விருப்பத்தையோ இவள் விருப்பத்தையோ பொறுத்ததல்ல, சம்பிரதாயத்தைப் பொறுத்தது. கட்ச் பிரதேசத்து ரபாரிப் பெண்களின் கழுத்திலும் கையிலும் உள்ள ‘த்ராஜ்வா’ புள்ளிகளும் அவ்வண்ணமே. நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில், பர்மா எல்லை ஊடே செல்லும் லோங்வா கிராமத்துக்கு யாத்திரிகர்கள் இன்று போவது குத்திக்கொள்ள அல்ல, பார்க்க; போரில் தலை கொண்டுவந்த வீரனுக்கு அரசன் தேவியே பிரம்பு முள்ளால் முகத்தில் எழுதிய சித்திரங்கள் சில முதியவர்களின் கன்னங்களில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்த முகங்களோடு அந்தச் சித்திரமும் போகும். போகவேண்டியதே என்று நான் நினைக்கிறேன். தலை கொய்யாமல் அந்தச் சின்னத்தை விலைக்கு வாங்கி முகத்தில் தரித்துக்கொள்பவன் எதைத் தரித்துக்கொள்கிறான்?

சின்னம் தரிக்க யாத்திரை போவது நமக்குப் புதிதுமல்ல. வைஷ்ணவர்கள் ஆசாரியரை நாடிச் சென்று, தோள்களில் சங்கும் சக்கரமும் காய்ச்சிப் பொறிக்கப் பெறும் சமாசிரயணத்தில், பொறிப்பவருடைய தகுதியும் பெறுபவனுடைய சித்தமும் இரண்டுமே கேட்கப்படுகின்றன. ஊசியை நாடிப் போகிறவனுக்கும் இந்த இரண்டும் வேண்டும் என்பேன்.

இலங்கையில் இந்த யாத்திரை வேறு விதமானது. ஹிக்கடுவ, உனவட்டுன கடற்கரைகளிலும் மலையேறி எல்ல என்னும் ஊரிலும் இறங்கும் வெளிநாட்டார், குறத்தியின் மகளைத் தேடி வருவதில்லை. மின்சார ஊசி பிடித்த இளைஞர்களைத் தேடி வருகிறார்கள். அந்த இளைஞர்கள் ஊசிக் குலத்தில் பிறந்தவர்களல்லர் என்றாலும், கண்டிச் சிற்பிகளின் கொடிச் சுருளையும், சந்திரவட்டக்கல்லின் யானை, குதிரை, சிங்கம், எருது வரிசையையும், அம்பலாங்கொடை முகமூடிகளின் பிதுங்கிய கண்களையும் கல்லிலிருந்தும் மரத்திலிருந்தும் பெயர்த்துத் தோலுக்குக் கொண்டுவந்த சாதனை அவர்களுடையது. இந்தியாவில் தோலிலிருந்து தோலுக்கு வந்த மரபு. இலங்கையில் கல்லிலிருந்து தோலுக்கு. முன்னதை மெய்யென்றும் பின்னதைப் போலியென்றும் சொல்ல நான் சம்மதியேன்.

ஆனால் எல்லாச் சித்திரமும் அங்கே தோலுக்கு வரலாகாது. புத்தர் உருவத்தைச் சரீரத்தில் தரிப்பதைப் பௌத்தர் பலர் அவமதிப்பாகவே கருதுகிறார்கள். 2014-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், இந்தியாவிலிருந்து வந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய பிரித்தானியப் பெண் ஒருவர், தாமரைமேல் வீற்றிருக்கும் புத்தரை மேற்கையில் குத்தியிருந்தமைக்காகக் கைது செய்யப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். அவரோ பக்தியினால் குத்திக்கொண்டவர். 2017-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பளித்து 8 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் செய்தது. இந்தியாவில் அப்படி ஒரு வழக்கு எழாது என்று கர்வப்பட வேண்டாம். 2015-ல் பெங்களூரில், எல்லம்மா தேவியை முழங்காலுக்குக் கீழே குத்தியிருந்த ஆஸ்திரேலிய மாணவர் ஒருவரை உணவுவிடுதியில் ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டு மிரட்டியதும், அவர் மன்னிப்பு எழுதிக்கொடுக்க நேர்ந்ததும் பத்திரிகைகளில் வந்தவை. இலங்கையில் உருவமே விவகாரம். இந்தியாவில் உருவம் அமரும் அங்கம் விவகாரம். கைதேர்ந்த கலைஞர் இதை வருபவருக்கு முன்கூட்டியே சொல்லுவார். சொல்லாமல் குத்திப் பணம் வாங்குபவருடைய கோடு எத்தனை நேராக இருந்தாலும் அவரை நான் கலைஞர் என்று ஒப்பேன்.

சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எடிசனின் மின்சாரப் பேனாவைத் தழுவி சாமுவேல் ஓரெய்லி நியூயார்க்கில் 1891-ல் காப்புரிமை பெற்ற ஊசி யந்திரத்தின் சந்ததி, இன்று நம் தேர்த் திருவிழாக்களில் பேட்டரியோடு தரையில் விரித்த சாக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஊசி, ஒரே மைக்கிண்ணம், வரிசையாகக் கைகள். மஞ்சள் காமாலை வகைகளும் அதனினும் கொடிய நோய்களும் இரத்தத்தின் வழியே பரவும் என்றறிந்த பிறகும் அங்கே கை நீட்டுவது வேண்டாம். பச்சை குத்தியவரிடமிருந்து ஓராண்டுக்கு இரத்த தானம் ஏற்பதில்லை என்று இந்திய இரத்த வங்கிகள் விதி வைத்திருப்பதும் இதனால்தான். ஹிக்கடுவ போகிறவர்கள் கடலில் குளித்து முடித்துக் கடைசி நாளில் குத்திக்கொள்வதே விவேகம். ஆறாத புண்ணுக்கு உப்புநீரும் வெயிலும் ஆகா.

போன வருஷம் என் தமக்கையின் மகள் கொழும்பிலிருந்து சென்னைக்குப் போனாள். பழைய புள்ளிக் கோலங்களைக் கையூசியாலேயே குத்தும் ஒரு பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு, அம்மாயியின் கையைக் கிட்டத்தில் எடுத்த புகைப்படத்தோடு போயிருந்தாள். அந்தப் பெண் படத்தை வெகுநேரம் பார்த்து, விரலால் புள்ளிகளை எண்ணி, மும்மூன்றாக ஒன்பது இருக்க வேண்டும், எட்டுத்தான் இருக்கிறது, கடைசி வரிசையின் ஓரத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, கோடும் அந்த இடத்தில் கொஞ்சம் கோணியிருக்கிறது என்றாளாம். அன்றிரவே எனக்குத் தொலைபேசியில், “மாமா, அது ஏன் விட்டுப்போச்சு, உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும். அந்த இடம் வந்தபோது வலி பொறுக்காமல் கையை உதறிக்கொண்டு திண்ணையிலிருந்து குதித்து ஓடிவிட்டதாக அம்மாயி சொல்லியிருக்கிறாள். குறத்தி மறுநாள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். இதைச் சொன்னதும் மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்படின்னா நாளைக்கு எட்டே குத்தச் சொல்றேன் மாமா, அந்தக் கோணலையும் சேர்த்து” என்றாள்.