இத்தாலி என்ற சான்றிதழ்

கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520 வாக்கில், விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ். அவர் குறிப்புகளை ராபர்ட் சூவெல் 1900-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அன்றிலிருந்து வரலாற்றாசிரியர்களுக்குப் பயஸ் செல்லப்பிள்ளை. கலை விமர்சகராகத் தேறுவாரா?

வழியில், தார்ச்சா என்று அவர் எழுதும் ஊரில், ஒரே கல்லாலான வட்டக் கோயிலைப் பார்க்கிறார். உருவங்கள் கல்லைவிட்டு ஒரு முழம் வெளியே வந்து நிற்கின்றன, முகத்திலும் குறையில்லை என்கிறார். கவனிப்பு கச்சிதம். அடுத்து, தூண்களும் பீடங்களும் இத்தாலியில் செய்தவை போல இருக்கின்றனவாம்! ஃபிளாரன்ஸில் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை எழும்பி 16 ஆண்டுதான் ஆகியிருந்தது. இதற்குமேல் ஒரு பாராட்டு பயஸ் கைவசம் இல்லை. திருப்பூர் பனியனை 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' என்று மெச்சுகிற மாதிரிதான். சரக்கு உயர்ந்துவிடும், தைத்த கை மறைந்துவிடும்.

மூலவர் யானை முகம், மனித உடல், ஆறு கை. இங்கே அழகைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்கு கை போய்விட்டதாம், மிச்சமும் விழுந்தால் உலகம் அழியுமாம் என்ற ஊர்ப்பேச்சோடு நகர்ந்துவிடுகிறார். திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடங்களில் பிள்ளையாரைச் செதுக்குகிறவர்களுக்குக் கணக்கு உண்டு. சிற்ப நூல்கள் பிள்ளையாருக்குச் சொல்வது பஞ்சதாளம், அதாவது முகத்தைப்போல் ஐந்து மடங்கு உயரம். தாவீதின் தலையும் கையும் உடலுக்குப் பெரியவை என்று அலசுகிற உலகத்தில், யானைத் தலைக்கும் அளவு உண்டென்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பயஸுக்கு முன்பே வந்த இத்தாலியர் வர்த்தேமா, 1510-இல் வெளியான நூலில், கோழிக்கோட்டு அரசரின் தெய்வத்தைப் பேய் என்றே எழுதினார். அவரோடு வைத்துப் பார்த்தால் பயஸ் எவ்வளவோ மேல்; புரியாததைப் பழிக்கவில்லை. அவரது உச்சம் அரண்மனைப் பகுதி. மேலிருந்து கீழ்வரை தந்தத்தாலான அறை, அதில் ரோஜாவும் தாமரையும். அதே பக்கத்தில், போர்த்துகீசியர் வரை அங்கு வந்துபோன ஜனங்களின் வாழ்க்கையை, பார்வையற்றோர், பிச்சைக்காரர் உட்பட, அரசியர் அறிந்துகொள்ள வரைந்திருந்தார்களாம். இங்கே அவர் இத்தாலியைத் துணைக்குக் கூப்பிடவில்லை. எழுத்தும் நிமிர்ந்து நிற்கிறது.

சாட்சியாகப் பயஸ் முதல் வரிசைக்காரர். விமர்சகராகத் தூண்வரை வருவார், கருவறைக்குள் அவர் தீர்ப்பு செல்லாது. ஆனால் 1565-இல் நகரம் சூறையாடப்பட்டபின் அந்தத் தந்த அறையும் ஓவியமும் மிஞ்சவில்லை. அவற்றைத் தெரிந்துகொள்ள இன்றும் அவர் பக்கங்களைத்தான் புரட்டவேண்டியிருக்கிறது.