விற்காமல் போன தட்டுகள்

பழைய ராக்கபில்லி தட்டுகளின் உலகில் புகழுக்கும் விலைக்கும் ஏழாம் பொருத்தம். எல்விஸ் பிரெஸ்லியின் 'ஹவுண்ட் டாக்' 1956-ல் ஆர்.சி.ஏ. கம்பெனி லட்சக்கணக்கில் அச்சடித்துத் தள்ளிய தட்டு. அமெரிக்காவில் பழைய சாமான் கடைகளில் பொறுமையாகத் துழாவினால் ஒரு பிரதி அகப்பட்டுவிடும், விலையும் கையைக் கடிக்காது. அதே ஆண்டில் மெம்பிஸ் நகரின் மீட்டியர் என்ற சின்னக் கம்பெனி, சார்லி ஃபெதர்ஸ் பாடிய 'டங்-டைட் ஜில்' தட்டை வெளியிட்டது. அதன் நல்ல பிரதி ஒன்று ஏலத்துக்கு வந்தால் கைகள் உயர்ந்துகொண்டே போகும். அன்றைக்கு அதை வாங்க ஆளில்லை. வாங்க ஆளில்லாததால் மேற்கொண்டு அச்சடிக்கவில்லை, ஆகவே இன்று கிடைப்பதில்லை. சேகரிப்பாளர் இன்று கொட்டிக்கொடுக்கும் பணமெல்லாம் அன்றைய தோல்விக்குத்தான்.

தோற்றவர்களைப் பற்றிப் பேசுமுன் ஜெயித்த தட்டு ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். மெம்பிஸில் 706, யூனியன் அவென்யூ என்ற முகவரியில் சாம் ஃபிலிப்ஸ் 1950 ஜனவரியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். கல்யாணம், இழவு என்று எதையும் காசுக்குப் பதிவுசெய்து தந்த இடம் அது. ஆனால் அவர் மனசு ப்ளூஸ் பாடிய கறுப்பினக் கலைஞர்களிடம்தான் இருந்தது. ஹவுலின் வுல்ஃப், பி.பி. கிங் இருவரையும் அவர்களுடைய ஆரம்ப நாட்களில் பதிவுசெய்தவர் அவர். 1952-ல் சன் என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். 1954 ஜூலையில் 19 வயது எல்விஸ் அங்கே பாடியதுதான் சன் 209-ஆம் எண் தட்டு. ஒரு பக்கம் ஆர்தர் க்ருடப்பின் ப்ளூஸ் பாட்டு. மறுபக்கம் புளூகிராஸ் இசையின் தந்தை பில் மன்ரோவின் நிதானமான வால்ட்ஸ், இங்கே கால் மாற்றி ஓட்டமாக ஓடுகிறது. பிரிந்தே வாழ வேண்டும் என்று சட்டம் வகுத்திருந்த ஊரில், இரண்டு இனத்தாரின் பாட்டும் ஒரே தட்டின் இரு முகங்களில் ஏறிவிட்டன. க்ருடப்புக்கு வந்துசேர வேண்டிய ராயல்டி சாகும்வரை முறையாக வந்துசேரவில்லை என்பதையும் இந்தத் தட்டைக் கையில் எடுக்கும்போது மறந்துவிட முடியாது.

இந்தத் தட்டில் டிரம்ஸ் கிடையாது. ஆள் உயர பாஸ் வாத்தியத்தின் தந்தியை பில் பிளாக் சுண்டி இழுத்து விடுகிறார். அது பலகையில் மோதித் திரும்புகிறது. இடைவெளியில் உள்ளங்கையால் ஒரு அறை. தாளமும் சுரமும் ஒரே கையிலிருந்து வருகின்றன. ஸ்காட்டி மூரின் மின் கிட்டார் பாட்டுக்கு ஊடே ஓரிரு வாக்கியம் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இவை எல்லாவற்றின் மேலும் சாம் ஃபிலிப்ஸ் தூவிய ஒரு எதிரொலி. கிணற்றுக்குள் கூப்பிட்டால் வரும் நீளமான எதிரொலி அல்ல அது. ஒரு சொல்லின் வால் அடங்குவதற்குள் அதே சொல் மறுபடி வந்து முட்டும். இரண்டு ஆம்பெக்ஸ் டேப் இயந்திரங்களை இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒலி போய்த் திரும்பும் நொடிப்பின்னத் தாமதத்தைப் பாட்டோடு கலந்துவிட்டார். மூன்று பேர் சேர்ந்து எழுப்பிய சத்தம் ஒரு கூட்டமே வாசித்தது போல் நிறைவதற்கு இந்த வித்தைதான் காரணம். 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு வாங்கிய ஆர்.சி.ஏ. அந்த எதிரொலியையும் எதிர்பார்த்தது. நாஷ்வில்லில் கூடத்துக்கு வெளியே இருந்த நடைவழியைப் பயன்படுத்தி ஏதோ ஒன்றைச் செய்து பார்த்தார்கள். அழகான சத்தம்தான், ஆனால் சன் சத்தம் அல்ல.

அந்த 35,000 டாலர் மெம்பிஸ் சுற்றுவட்டாரத்துப் பையன்களுக்கெல்லாம் ஆசை காட்டியது. பருத்திக்காட்டிலிருந்து கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு யூனியன் அவென்யூவுக்கு வந்து நின்றார்கள். அப்படி வந்தவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் ஆர்கன்ஸாவைச் சேர்ந்த சன்னி பர்ஜெஸ். முடிக்குச் சிவப்புச் சாயம், உடம்புக்குச் சிவப்பு உடுப்பு. ராக்கபில்லி குழுவில் எவரும் சேர்க்காத ட்ரம்பெட் அவருடைய பேஸர்ஸ் குழுவில் இருந்தது. 1956-ல் வந்த சன் 247, 'ரெட் ஹெடட் வுமன்', சுருதியைப் பற்றிக் கவலையே படாத கூச்சல். மைக்குகள் திணறுவது காதில் விழுகிறது. நல்ல தயாரிப்பாளர் என்றால் நிறுத்தி, இன்னொரு முறை பாடச் சொல்லியிருப்பார். சாம் ஃபிலிப்ஸ் அப்படியே அச்சுக்கு அனுப்பினார். அவர் ரசனையின் உச்சம் என்று இதைத்தான் சொல்வேன்.

பில்லி லீ ரைலியின் கதை கொஞ்சம் கசப்பு. 'ஃப்ளையிங் சாஸர்ஸ் ராக் அண்ட் ரோல்' பதிவில் அவருக்குப் பியானோ வாசித்தவர், அப்போது யாரும் அறியாத ஜெரி லீ லூயிஸ். 1957-ல் ரைலியின் 'ரெட் ஹாட்' வெளியாகிச் சூடு பிடிக்கத் தொடங்கிய நேரத்தில், சன் கம்பெனி தன் பணத்தையும் முயற்சியையும் அதே ஜெரி லீயின் 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்' பக்கம் திருப்பிவிட்டது என்பது ரைலியின் தீராத மனக்குறை. குடித்துவிட்டுப் போய் கூடத்தில் ரகளை செய்தார் என்பார்கள். சன் நிலைமையும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கையில் முதல் அதிகம் இல்லாத கம்பெனி ஒரே நேரத்தில் இரண்டு குதிரைகள் மேல் பந்தயம் கட்ட முடியாது. 2015-ல் ஒரு விருது விழா மேடையில் பேசிய பாப் டிலன், பெரிய பெயர்கள் அத்தனை இருக்க, ஆறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ரைலியை நினைவுகூர நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

இனி ஃபெதர்ஸ். சாம் ஃபிலிப்ஸ் இவரைக் கன்ட்ரி பாடகர் என்றே கணித்து, அழுகைப் பாட்டுகளைத்தான் பாடவைத்தார். எல்விஸ் பாடி கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்த ஒரு பாட்டை ஸ்டான் கெஸ்லருடன் சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர் என்று தட்டில் ஃபெதர்ஸ் பெயர் உண்டு. அவருக்குக் கிடைத்த பெரிய வெற்றி அவ்வளவுதான். பொறுமை இழந்து மீட்டியருக்கும் பிறகு சின்சினாட்டியின் கிங் லேபிளுக்கும் போனார். அங்கே 1956-ல் பதிவான 'ஒன் ஹேண்ட் லூஸ்' கேட்டால் இந்த இசையின் இலக்கணம் முழுக்கக் கையில் கிடைத்துவிடும். ஒரு சொல்லைப் பாதியில் விக்கலாக வெட்டுவார். அடுத்ததைக் கீழ்ஸ்தாயியில் முனகுவார், திடீரென்று கீச்சென்று மேலே தாவுவார். இதெல்லாம் சேஷ்டை என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு விக்கலும் பாஸின் அறைக்கு நேர் எதிர்த் தட்டில் விழுகிறது. தாளத்தை இவ்வளவு நுணுக்கமாகக் குரலில் வைத்துக்கொண்டவர் எல்விஸ்கூட இல்லை என்பேன். 1998-ல் ஃபெதர்ஸ் இறந்த பிறகு, குவென்டின் டாரன்டினோவின் 'கில் பில்' படங்கள் அவர் குரலை உலகம் முழுக்கத் திரையரங்குகளில் ஒலிக்கவைத்தன.

எல்லாத் தோல்விக்கும் திறமையும் அதிர்ஷ்டமும் காரணம் அல்ல. டெக்ஸஸில் தொடங்கிய ஸ்டார்டே கம்பெனி ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. பாடகரே பணம் கட்டி டேப்பை அனுப்பினால் சில நூறு தட்டுகளை அச்சடித்து அவரிடமே கொடுத்துவிடும். நடன அரங்குகளிலும் உள்ளூர் வானொலி நிலையத்திலும் அவரே தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். இன்றைய அரிய தட்டுகளில் கணிசமானவை இந்த வகையில் பிறந்தவை. ஸ்டார்டேயின் சொந்தப் பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் 1956-ல் 'தம்பர் ஜோன்ஸ்' என்ற புனைபெயரில் ஒரு ராக்கபில்லி தட்டு பாடினார். பிற்காலத்தில் கன்ட்ரி இசையின் ஆகச் சிறந்த குரல் என்று கொண்டாடப்பட்ட மனிதர், அந்தத் தட்டை நினைத்து வெட்கப்பட்டார். சேகரிப்பாளர்களுக்கு வெட்கம் ஏது, தேடித் தேடி வாங்குகிறார்கள்.

கன்ட்ரி இசையின் பழைய 78 தட்டுகள் அழிந்த கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தத் தட்டுகளின் முக்கிய மூலப்பொருளான ஷெல்லாக், சோட்டா நாக்பூர்க் காடுகளில் பூச்சிகள் மரத்தில் சுரக்கும் அரக்கு. இரண்டாம் உலகப்போரில் கப்பல் போக்குவரத்து ஆபத்துக்குள்ளானதும், 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுகளுக்கு ஷெல்லாக் பயன்படுத்துவதைக் கடுமையாகக் குறைத்தது. வீடு வீடாகப் பழைய தட்டுகளைச் சேகரித்து உருக்கினார்கள். பொருளாதார மந்தத்தின்போது குறைவாக விற்றிருந்த மலைநாட்டுப் பாடல்களும் ப்ளூஸ் தட்டுகளும் எவ்வளவோ அப்படிப் போயின. காசநோயோடு போராடி, கட்டில் போட்டுப் படுத்து இளைப்பாறிக்கொண்டே கடைசிப் பதிவுகளை முடித்து, 1933 மே மாதம் நியூயார்க்கில் இறந்த ஜிம்மி ராட்ஜர்ஸின் கடைசித் தட்டுகள் இன்றும் அரிதாக இருப்பதற்கு அந்த மந்தமும் ஒரு காரணம். கன்ட்ரி என்றதும் இந்தியாவிலும் இலங்கையிலும் பலருக்கு நினைவுக்கு வருபவர் ஜிம் ரீவ்ஸ். அவரைப் பட்டுக்குரலோனாக மட்டுமே அறிந்தவர்கள், 1953-ல் அபாட் லேபிளில் வந்த 'மெக்ஸிகன் ஜோ'வைக் கேட்டால் இதுவும் அவர்தானா என்று கேட்பார்கள்.

அசல் தட்டையும் போலியையும் பிரித்தறிவது தனி வித்தை. சன் லேபிளின் மஞ்சள் வட்டத்தையும் சேவலையும் யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம், அச்சடித்தும் இருக்கிறார்கள். மெம்பிஸின் பிளாஸ்டிக் ப்ராடக்ட்ஸ் ஆலையில் அடித்த 45 தட்டுகளில் லேபிளின் மேல் மூன்று சிறு வட்டத் தழும்புகள் இருக்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். பாட்டு முடிந்தபின் வரும் வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் எண்ணும் கையெழுத்தும் அடுத்த சாட்சி. பொருளும் முக்கியம். சில பெரிய கம்பெனிகள் வினைலுக்குப் பதிலாக ஸ்டைரீனில் வார்த்தன. பார்வைக்குப் பளபளப்பாக இருந்தும் முள்ளை வைத்ததும் இரைச்சலாகக் கொட்டும், சீக்கிரம் தேயும் சரக்கு அது. ஷெல்லாக் தட்டை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் கரைந்தே போகும். முள்ளும் மாற வேண்டும். 78 தட்டின் அகலமான பள்ளத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு முனை, மோனோ 45 தட்டுக்கு ஒரு பங்கு. ஸ்டீரியோ தட்டுக்கான நுண்முள்ளால் இவற்றைக் கேட்டுவிட்டு "ஒரே இரைச்சல்" என்று குறைசொல்வது நியாயமில்லை.

இவ்வளவையும் துருவிக் கண்டுபிடித்தவர்களில் பாதிப்பேர் அமெரிக்கர்கள் அல்ல. சன் கம்பெனியின் வரலாற்றையும் பதிவுப் பட்டியலையும் ஒழுங்குபடுத்தி எழுதிய காலின் எஸ்காட்டும் மார்ட்டின் ஹாக்கின்ஸும் இங்கிலாந்துக்காரர்கள். கன்ட்ரி, ராக்கபில்லி பதிவுகளைத் தடித்த புத்தகத்தோடு பெட்டி பெட்டியாக வெளியிடும் பேர் ஃபேமிலி நிறுவனத்தை 1975-ல் தொடங்கிய ரிச்சர்ட் வைஸே ஜெர்மானியர். வாண்டா ஜாக்ஸனின் 'ஃபூஜியாமா மாமா' அமெரிக்காவில் போணியாகாத தட்டு. ஹிரோஷிமா, நாகசாகி குண்டுகளைத் தன் காதல் வேகத்துக்கு உவமையாக்கிய அந்தப் பாட்டு, ஜப்பானிலேயே பெரிய வெற்றி பெற்று 1959-ல் அவரை அங்கே சுற்றுப்பயணம் வரவழைத்தது. டெக்ஸஸின் ரே கேம்பி பாட்டை ஓரம்கட்டிவிட்டு லாஸ் ஏஞ்சலீஸில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1970-களில் இத்தாலியில் பிறந்த ரோனி வைசர் என்ற ரசிகர் அவரைக் கண்டுபிடித்துத் தன் வீட்டிலேயே பாடவைத்துப் பதிவுசெய்தார். பிறகு ஐரோப்பிய மேடைகளில் கேம்பி பாஸ் வாத்தியத்தின் மேலேயே ஏறி நின்று வாசித்தார். சன்னி பர்ஜெஸும் ரைலியும் தங்கள் இரண்டாம் இளமையை அதே ஐரோப்பிய மேடைகளில்தான் வாழ்ந்தார்கள். தட்டைத் தேடிப் போனவர்கள் ஆளையும் தேடிப் பிடித்தார்கள் என்பதுதான் இந்தப் பித்துக்கு நான் தரும் பெரிய மதிப்பு. தட்டை உறையை விட்டு எடுக்காமல் பெட்டகத்தில் பூட்டி, விலை ஏறக் காத்திருப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரியது எல்லாம் நல்லதல்ல. விற்காமல் போன தட்டுகளில் பலவும் விற்காமல் போக வேண்டியவைதான். எல்விஸைப் போல விக்கத் தெரியாமல் விக்கியவர்களின் தட்டுகளை, நூறு பிரதிகூட மிஞ்சவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போற்றுகிறவர்கள் கண்ணால்தான் பாட்டுக் கேட்கிறார்கள். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர் என்னைக் கேட்டால், பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் சன் தட்டையே வாங்கச் சொல்வேன்: கார்ல் பெர்கின்ஸின் 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்', சன் 234. நிலமில்லாத குத்தகை விவசாயியின் மகன், பருத்திக்காட்டில் உடன் வேலை செய்த கறுப்பின முதியவர் ஒருவரிடம் கிட்டார் கற்றவர். 1956 மார்ச்சில், பாட்டு உச்சியில் இருந்தபோது, நியூயார்க்கில் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் விபத்தில் சிக்கினார். படுக்கையில் கிடந்த நாட்களில் எல்விஸ் அதே பாட்டைத் தொலைக்காட்சியில் பாடினார். அந்தத் தட்டின் மறுபக்கம் 'ஹனி டோண்ட்'. ஈ கார்டிலிருந்து நேராக சி கார்டுக்குத் தாவும் ஒரு இடம் அதில் வருகிறது, உடன் வாசித்த அண்ணன் ஜேயே இது சேராது என்று முதலில் மறுத்த தாவல். பிறகு பீட்டில்ஸ் அந்தப் பாட்டை எடுத்து ரிங்கோ ஸ்டாரைப் பாடவைத்தார்கள். பெர்கின்ஸின் பதிப்பே மேல். 78 தேடி அலைய வேண்டாம், மூன்று தழும்புள்ள 45 போதும்.