தடுத்தாட்கொண்ட புராணத்தில் ‘ஆவணம்’: சொல்லும் வழக்கும்

இலக்கியத்தைச் ‘சமூக ஆவணம்’ எனச் சுட்டும் வழக்கம் தமிழ் ஆய்வேடுகளில் பெருகியுள்ளது. எழுத்தில் அமைந்த எதையும் ஆவணம் என்று சொல்லிவிடலாம் என்னும் எண்ணமே இவ்வழக்கின் அடியில் உள்ளது. இவ்வெண்ணத்திற்கு இடந்தராத நூல் பெரியபுராணம். அதன் தடுத்தாட்கொண்ட புராணத்தில் ஆவணம் என்பது அவையில் ஆராய்ந்து ஏற்கப்படவேண்டிய பொருளாக வருகிறது. ‘அடிமை ஓலை’ என்று பொருள் கூறிக் கடந்துவிடும் வாசிப்பில் இந்த ஆராய்ச்சிமுறை முழுவதும் மறைந்துபோகிறது.

ஆவணம் என்னும் சொல் பட்டினப்பாலையிலும் அகநானூற்று 122ஆம் பாடலிலும் கடைத்தெருவைக் குறிக்கிறது. இப்பொருளை வடமொழி ‘ஆபண’ என்பதோடு இயைப்பர். அகநானூற்று 77ஆம் பாடலில் வரும் ஆவண மாக்களோ, கயிற்றால் கட்டிய குடத்தின் இலச்சினையை நீக்கி ஓலைகளை வெளியே எடுப்பவர்கள். இவ்வுவமையை உத்தரமேரூர்க் குடவோலை முறைக்கு முன்சான்றாகக் காட்டுவது பெருவழக்கு. ஆனால் பாடலில் தேர்தல் பற்றிய குறிப்பு ஏதும் இல்லை. இறந்துபட்ட வீரரின் குடலைப் பறவை இழுப்பதற்கே அது உவமையாகிறது. இலச்சினை, குடம், ஓலை, ஆவணம் ஆகிய நான்கும் ஒருங்கு நிற்பதால், காப்பிலிட்ட எழுத்தோலைகளைத் திறந்து எடுக்கும் செயல் என்று கொள்வதே சொல்லுக்கு நெருக்கமானது. 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டின் நடைமுறையைச் சங்கப் பாடலில் ஏற்றிவைக்க, ‘ஆவண’ என்னும் அடைமொழியைக் கைவிட நேர்கிறது.

சேக்கிழார் காட்டும் வழக்கு புத்தூர்த் திருமணப் பந்தலில் தொடங்குகிறது. நம்பியாரூரர் தம் வழியடிமை என்கிறார் முதிய அந்தணர். ஆரூரர் அவரைப் பித்தர் என்று இகழ்ந்து, ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றால் வழக்கை நிறுவுமாறு அவையோர் கேட்கின்றனர். நெடுநாள் வழக்கமும் நேரில் கண்டோர் கூற்றும் நிற்கும் வரிசையில் ஆவணமும் நிற்கிறது. ஆதலின் இங்கு அது சான்று வகை ஒன்றன் பெயர். எழுத்தாலோ குறியாலோ ஒரு பொருள்மீது பதிக்கப்பட்டது எதுவும் ஆவணமே என்று விரித்துரைத்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தினும் இப்பொருள் குறுகியது, கடுமையானது.

கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை தம் கையில் உள்ளது என்கிறார் முதியவர். அதனையும் ஆரூரர் பறித்துவிடாதவாறு காப்பதாக அவையோர் உறுதி கூறிய பின்னரே காட்டுகிறார். கரணத்தான் அதனை வாசிக்கிறான். மேலெழுத்திட்டோர் தத்தம் எழுத்தை ஒப்புகின்றனர். அதனோடும் அவை அமையவில்லை. ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டன் எழுத்தையும் ஒப்பு நோக்குகின்றனர். மேற்சொன்ன சட்டத்தின் 62, 63ஆம் பிரிவுகள் மூலத்தையும் படியையும் பிரித்தன. 73ஆம் பிரிவு கையெழுத்து ஒப்பீட்டுக்கு வகைசெய்தது. ஒற்றுமை வியப்பளிப்பதே, எனினும் ‘அன்றே கண்டான் தமிழன்’ என்று முடித்துவிடுவதால் ஆய்வு ஓரடியும் நகராது. ஒப்பு நோக்குதற்குரிய ஓலை உடனே கிடைக்கும் வகையில் காப்பிடம் ஒன்று இருந்தது என்னும் செய்தியே ஆராயத்தக்கது. கல்வெட்டுகள் கூறும் ஆவணக்களரியோடு இணைத்துக் காணவேண்டியது இப்பகுதியைத்தான்.

இதனைச் சுந்தரர் காலச் சட்ட நடைமுறைக்குச் சான்றாக எடுத்தாள்வது பொருந்தாது. பாடியவர் 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசியலில் பழகியவர். ஓலையின் வாசகம் எழுதியோன் தன் எழுத்தென உறுதிகூறி முடிவது சோழர் கால விலையாவணங்களின் வாய்பாட்டை ஒத்தது. எனவே பாடல் காட்டுவது பெரிதும் சேக்கிழார் அறிந்த அவையே. சேக்கிழாரின் பாடலையும் அவ்வவை கேட்ட வினாக்களுக்கு உட்படுத்திய பின்னரே அதற்கு ஆவணம் என்னும் பெயர் தகும்.

வாசிப்புகள் பெரிதும் கவனியாத இடம் தீர்ப்புக்குப் பின் வருகிறது. ஓலை அடிமையின் உரிமையாளரை வெண்ணெய்நல்லூர்ப் பித்தன் என்றே பெயரிடுகிறது. பந்தலில் வசையாக எழுந்த சொல் ஓலையில் முன்னரே எழுத்தாகி இருந்தது. ஆயின் அவை மெய்ப்பித்தது எழுதிக்கொடுத்தவரின் கையெழுத்தை மட்டுமே. எழுதிப் பெற்றவர் இவர்தாமா என்னும் வினா, ஆரூரர் அடிமை என்று தீர்ப்பளித்த பின்னரே எழுகிறது: இவ்வூரில் உம் மனை எது, காட்டுக என்கின்றனர். என்னை ஒருவரும் அறியீராகில் வாருங்கள் என்று மட்டுமே முதியவர் சொல்கிறார். அவர்களை அழைத்துச் சென்று திருவருட்டுறைக் கோயிலுக்குள் புகுந்து மறைகிறார்.