வெள்ளியின் பின்பக்கம்

விக்டோரியா காலத்து வெள்ளிக் கரண்டி கைக்கு வந்தால் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். முகப்பின் அலங்காரம் கண்ணைக் கவரும். நம்பிக்கை தருவது பின்பக்கம்தான். காம்பில் கடுகளவு முத்திரைகள், பெரும்பாலும் ஐந்து. நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று பொருள். சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், கிரீடம் ஷெஃபீல்டு. அரசியின் தலை, வரி கட்டியதற்கு அடையாளம். 1890-ல் அந்த வரி நீங்கியதால் விக்டோரியா ஆட்சியின் கடைசிப் பத்தாண்டுப் பொருள்களில் அவர் முகம் இராது. ஆண்டுக்கு ஓர் எழுத்து, செய்தவருக்கு முதலெழுத்துகள். லண்டன் முத்திரையோடு 'ஜி.ஏ.' என்று கண்டால் எனக்கு மனம் துள்ளும். 1840 முதல் சானர் பட்டறையை நடத்திய ஜார்ஜ் ஆடம்ஸின் குறி அது. தன் ஊரையும் ஆண்டையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பழம்பொருள் அரிது.

ஆடம்ஸ் போன்றவர்களின் கைத்திறனைக் 'கிங்ஸ்' வடிவத்தில் பார்க்கலாம். எஃகு அச்சில் அழுத்திய சிப்பியும் கொடியும் காம்பின் வளைவோடு இழைந்து ஓடும். முன்னும் பின்னும் அச்சு பதிந்த கரண்டிக்குக் கனம் கூடுதல். அதை விரல்களே சொல்லிவிடும்.

விருந்தில் ஒவ்வொரு பண்டமும் தனித்தனியாகப் பரிமாறப்பட்ட காலம் அது. மீனுக்கு ஒரு கத்தி, அஸ்பாரகஸுக்கு ஓர் இடுக்கி, திராட்சைக் கொத்தை நறுக்க ஒரு கத்தரி. படாடோபம் போலத் தோன்றினாலும் இதில் பொருளறிவு உண்டு. உப்பு வெள்ளியை அரிக்கும். ஆகவே உப்புக் கிண்ணத்தின் உள்ளே தங்க முலாம், அல்லது நீலக் கண்ணாடிக் குவளை. முட்டையின் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஆகவே முட்டைக் கரண்டிக்கும் முலாம்.

வாங்கும்போது அவசரம் கூடாது. எல்கிங்டன் 1840-ல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு முலாம் பொருள்கள் பெருகின. அவற்றில் சிறு கட்டங்களுக்குள் எழுத்துகளைப் பொறித்து, அசல் முத்திரை போலவே தோன்றச் செய்திருப்பார்கள். சிங்கம் இல்லையென்றால் விலகிவிடலாம். அடுத்து, வெள்ளியின் மேல் மெல்ல மூச்சு விடுங்கள். ஒட்டுப்போட்ட இடமும் அழித்த பெயரெழுத்தும் அந்த ஈரத்தில் தெரியவரும். முள்கரண்டியின் பற்கள் குட்டையாகிச் சமமாக வெட்டப்பட்டிருந்தால் வேண்டாம்.

ஆனால் எல்லாத் தேய்மானமும் குறையல்ல. சூப் கரண்டியின் நுனி இடப்பக்கம் சற்றுத் தேய்ந்திருந்தால், வலக்கைக்காரர்கள் தலைமுறையாகத் தட்டில் வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எண்ணற்ற நுண்கீறல்கள் கூடித் தரும் அந்த மென்மையான ஒளி, இயந்திரத்தில் தேய்த்து மினுக்கிய வெள்ளிக்கு வராது. அப்படித் தேய்த்தால் முத்திரையும் கரைந்துவிடும்.

ஆகவே வாங்கியதை அலமாரியில் பூட்டாதீர்கள், மேசையில் புழங்குங்கள். அடிக்கடி புழங்கி, வெதுவெதுப்பான நீரில் கையால் கழுவி உடனே துடைத்தால் வெள்ளி எளிதில் கறுக்காது, மெருகுப் பசைக்கும் அதிகம் வேலையிராது. புழங்குவதே அதற்கு நல்ல பராமரிப்பு.