பெனால்டிக் கட்டத்தில் என்ன எழுதுவது?

2006 உலகக் கோப்பையில் கெல்சென்கிர்ச்சனில், ஷால்க்க அணியின் மைதானத்தில், ஐந்து ஆட்டங்கள் நடந்தன. ஜூலை 1 அன்று நடந்த இங்கிலாந்து–போர்ச்சுகல் காலிறுதி 0-0 என்று முடிந்து, பெனால்டி ஷூட்அவுட்டில் போர்ச்சுகல் 3-1 என வென்றது. மற்ற நான்கிலும் ஷூட்அவுட்டுக்கே வேலை வரவில்லை. இந்த ஐந்தையும் ஒரு அட்டவணையில் ஏற்றினால் அந்த நான்கின் பெனால்டிக் கட்டத்தில் எதை எழுதுவது?

0 என்றால் பொய். ஷூட்அவுட் நடந்து ஒருவரும் கோல் போடவில்லை என்றாகிவிடும். பழைய புரோகிராமர்கள் -1 போடுவார்கள். யாரோ அந்தப் பத்தியைக் கூட்டும்வரை அது நல்ல யோசனைதான். 2005-ல் வெளிவந்த சி ஷார்ப் 2.0 நிரல் மொழி இதற்கு நேர்மையான வழியைத் தந்தது. இன்ட் என்ற முழு எண் வகையின் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால், அது எண்ணையும் ஏற்கும், 'நல்' என்ற வெறுமையையும் ஏற்கும்.

கணினி அறிஞர் டோனி ஹோர் 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக நல் ரெஃபரன்ஸை உருவாக்கி, 2009-ல் அதைத் தன் 'பில்லியன் டாலர் தவறு' என்று நொந்துகொண்டார். இங்கே நிலைமை வேறு. கேள்விக்குறி போட்டால்தான் வெறுமை உள்ளே வரும். போட்டதை நேரடியாகச் சாதாரண இன்ட்டில் வைக்கப் பார்த்தால் கம்பைலர் தடுத்துவிடும். இந்த வசதியின் பெரிய பலம் இதுதான். நினைவகச் செலவு அற்பம்: நான்கு பைட் எண் எட்டு பைட் ஆகும்.

கம்பைலர் கண்ணில் படாத இடத்தில்தான் வம்பு. நம் அட்டவணையில் முதல் அணியின் பெனால்டி எண்ணிக்கை, இரண்டாம் அணியுடையதைவிடக் குறைவு அல்லது சமமாக உள்ள ஆட்டங்களைக் கேளுங்கள்: விடை 1. 'அதிகம் இல்லாத' ஆட்டங்கள் என்று திருப்பிக் கேளுங்கள்: விடை 5. பள்ளிக் கணக்கில் இரண்டும் ஒரே கேள்வி. சி ஷார்ப்பில் நல் நுழைந்த பெரிது-சிறிது ஒப்பீடு எதுவானாலும் 'இல்லை' என்றே வரும்; அந்த 'இல்லை'யை மறுத்தால் 'ஆம்' ஆகிவிடும். இன்னும் வேடிக்கை, இரு அணியும் சமமா என்று கேட்டால் நடக்காத நான்கு ஷூட்அவுட்டும் சமன் என்று வந்து நிற்கும். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லோ அதே கேள்விக்கு ஒரு வரியும் தராது. தரவுத்தளத்துக்கும் நிரலுக்கும் இடையே இப்படி வெறுமையின் பொருளே மாறிப்போவதை டெஸ்டிங்கில்கூடப் பலர் கவனிப்பதில்லை.

மதிப்பு இருக்கிறதா என்று பாராமலே 'வேல்யூ' என்ற பண்பைக் கேட்டு நிரல் ஓட்டத்தின் நடுவே பிழை வாங்குவது சில்லறைத் தவறு. சத்தம் போடுவதால் உடனே பிடிபடும். மோசமானது, கம்பைலரின் வாயை அடைக்க எல்லா இடத்திலும் 'இல்லாவிட்டால் 0' என்று எழுதிவைப்பது. எந்தப் பொய்யைத் தவிர்க்கக் கேள்விக்குறி வந்ததோ, அதே பொய் புறவாசல் வழியாகத் திரும்பிவிடுகிறது.

காரணத்தைச் சொல்லாததும் நல்லின் குறை. ஆட்டம் இன்னும் நடக்கவில்லையா, ஷூட்அவுட் தேவைப்படவில்லையா, பதிவு செய்ய விட்டுப்போனதா? மூன்றுக்கும் ஒரே வெறுமை.

நம் அட்டவணைக்குத் திரும்பினால், இரு அணிகளின் பெனால்டி எண்களுக்கும் தனித்தனியே கேள்விக்குறி போடுவது தவறான வடிவமைப்பு; ஒரு அணிக்கு 3, மற்றதற்கு வெறுமை என்ற அபத்தத்துக்கும் அது இடம் கொடுக்கும். ஷூட்அவுட் என்று தனி ஸ்ட்ரக்ட் (கூட்டு வகை) எழுதி, உள்ளே இரண்டு எண்களையும் கட்டாயமாக்கி, கேள்விக்குறியை அந்த ஸ்ட்ரக்ட்டின் மேல் ஒரே ஒரு முறை போடுங்கள்.